ஆள் நுழைந்ததும் மாறும் பேச்சு

1

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டிலிருந்து பேத்தியை அழைத்துவரப் போனேன். வேல்ஸ் நாட்டின் வடக்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சிற்றூரில் நாற்பது வருஷமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டு ஹ்யூ என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். அவர் பௌதிகம், நான் கணக்கு. இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். என் மகளின் பெண் நூரா, ஏழு வயது, பாதி நாள் ஹ்யூவின் சமையலறையில்தான் இருப்பாள். அவர் ரொட்டி சுடுவார், இவள் மாவைச் சிந்துவாள்.

பின்கதவைத் தள்ளியபோது இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கதை, அவர்கள் ஊர் வெல்ஷ் மொழியில். நான் காலை உள்ளே வைத்தேன். ஹ்யூ சிரிப்பை நிறுத்தாமலே ஆங்கிலத்துக்கு மாறினார். அது எனக்குப் பழக்கம். நாற்பது வருஷமாக நான் நுழைகிற ஒவ்வொரு அறையிலும் அது நடக்கிறது. அன்று புதிதாக நடந்தது, என் பேத்தியும் மாறியதுதான். வெல்ஷ் பள்ளியில் படிக்கிற குழந்தை. பாதி வாக்கியத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில் முடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது என்ன சிரிப்பு என்று கேட்டேன். அது ஆங்கிலத்தில் சொன்னால் சிரிப்பாக இருக்காது நானா என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் அப்பாவை எங்கள் வீட்டில் நானா என்போம். கண் சரியாகத் தெரியாதவரைச் சாலையில் கடத்திவிடுவோமே, அந்தப் பிடி.

மர்யமிடம் சொன்னேன். மர்யம் என் மனைவி. கடுகு தாளித்துக்கொண்டிருந்தவள் அடுப்பைத் தணித்தாள்.

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"எது?"

"விருந்தாளியா இருக்கிறது."

எனக்கு அந்த நேரத்தில் அது புரியவில்லை. என் மனதில் வேறு ஒரு விஷயம் இருந்தது. மயிலாப்பூரில் என் அக்கா தனியாக இருக்கிறார். அவர் கணவர் இறந்துவிட்டார், மகன் மஸ்கட்டில். எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் தரைத்தளத்து வீடு அவருடையது. இரண்டு அறைகள் பூட்டியே கிடக்கின்றன. மிச்ச நாட்களை அங்கே கழிக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மர்யமிடம் முன்பு கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்றே சொல்லிவந்தாள். அன்று, பேத்தி சிரிப்பைக் கத்தரித்த கசப்பில், மறுபடி கேட்டேன். நேராகப் பதில் சொன்னாள்.

"உங்க அக்கா நல்லவங்க. உங்க அம்மாவும் இருந்தவரைக்கும் நல்லவங்கதான். ஆனா அந்த வீட்டுல இன்னொரு தடவை விருந்தாளியா இருக்க என்னால முடியாது. மூணு மாசம்னா வர்றேன். மூணு மாசத்துக்கு எல்லாரும் விருந்தாளிதான்."

அப்படித்தான் வந்தோம். இதை மயிலாப்பூரில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மாதம் முடிகிறபோது மர்யம் மாட்டேன் என்றால் அவளோடு திரும்பிப் போவேன், அந்தக் குளிரில் முடிவேன். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் இங்கே தங்கப் போவதில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அவளை மாற்ற முடியுமா என்பதில்தான் இருந்தது. மாற வேண்டியது அவள் இல்லை என்று தெரிய இங்கே வர வேண்டியிருந்தது.

2

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சேரி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்து. அப்பாவுக்கு சைக்கிள் கடை. நாங்கள் வீட்டில் பேசுவது தக்கினி. ஊர் அதை உருது என்கிறது. உருது தெரிந்தவர்கள் அதை உருது இல்லை என்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது எங்கள் காதில் விழும், நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். சந்துக்கு வெளியே காலை வைத்தால் தமிழ். நான் படித்ததும் தமிழ்வழியில்தான். அதனால்தான் இதை இப்படி எழுத முடிகிறது.

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைக்காத, மீறாத சட்டம். தக்கினி தெரியாத ஒருவர் வீட்டுக்குள் வந்தால் எல்லாரும் தமிழுக்கு மாறிவிட வேண்டும். பாதிப் பேச்சில் இருந்தாலும் சரி, சண்டையில் இருந்தாலும் சரி. அவருக்குத் தெரியாத பாஷையில் அவர் எதிரில் பேசுவது, பரிமாறாமல் நாம் மட்டும் சாப்பிடுவது மாதிரி என்பார் அம்மா. கரண்ட் பில் எழுத வருகிறவர், பால்காரர், சாந்தோமிலிருந்து டியூஷன் எடுக்க வந்த வாத்தியாரம்மா, எல்லாருக்கும் இதே மரியாதை. அப்பாவும் அம்மாவும் உச்சத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது வாத்தியாரம்மா உள்ளே வர, மிச்சச் சண்டையைத் தமிழில் போட முடியாமல் இருவரும் திணறி நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் தமிழ் கடைத்தெருத் தமிழ். அதில் விலை கேட்கலாம், வெயிலைத் திட்டலாம், உடம்பைச் சொல்லலாம். புருஷனோடு சண்டை போடுகிற அளவுக்கு அதில் இடம் கிடையாது.

ஆனால் தக்கினியில் அம்மா வேறு ஆள். சந்து முழுக்க அவர் வாய்க்குப் பயந்தது. சிரிப்பு மூட்டுவதிலும் குத்திக் காட்டுவதிலும் அவருக்கு ஈடு இல்லை. சோறு பரிமாறிக்கொண்டே ஒருவரைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்வார். பிறகு ஒரு வாரம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

3

ஓய்வு பெற்ற பிறகு மொழிகளைப் பற்றி நிறையப் படித்தேன். கணக்கு வாத்தியாருக்கு அது நல்ல பொழுதுபோக்கு. விநோதமான மொழிகள் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். இடம் வலம் என்ற சொல்லே பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் கிழக்கு மேற்கு என்றே சொல்கிற மொழி உண்டு. உன் கிழக்குக் காலில் எறும்பு என்பார்கள். ஒரு செய்தியைச் சொல்லும்போது அதை நீ கண்ணால் பார்த்தாயா, கேட்டுத் தெரிந்துகொண்டாயா என்பதை வினைச்சொல்லிலேயே காட்டியாக வேண்டிய மொழி உண்டு. நாக்கைச் சொடுக்கி எழுத்தாக்குகிற மொழி உண்டு. வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்து, முன்னால் என்ன வருகிறது என்பதைப் பார்த்து மாறிவிடும். அகராதியில் தேடுகிறவன் பாடு திண்டாட்டம்.

இவற்றைப் படித்து வியந்துகொண்டிருந்தவன், ஒரு நாள் ஆங்கிலத்தையும் அதே கண்ணால் பார்த்தேன். பல்லுக்கு நடுவில் நாக்கை நீட்டி ஊதுகிற அந்த ஓசை உலக மொழிகளில் அரிது. ஒரு கேள்வி கேட்க, சம்பந்தமே இல்லாத ஒரு வினைச்சொல்லை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதும் அரிது. எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. எந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் நிற்க வேண்டிய மொழி. ஆனால் அதை யாரும் விநோதம் என்பதில்லை. விநோதம் என்பது எட்ட நின்று பார்ப்பவர் சொல்கிற பேச்சு. யாருடைய வீட்டு வாசலில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

எளிய மொழி என்பதால் பரவியது என்று சிலர் சொல்வார்கள். அது பொய். அழகான மொழி, ஆழமான மொழி, பழைய மொழி என்பதாலும் எந்த மொழியும் ஆள்வதில்லை. கப்பல் வைத்திருந்தவன் மொழி பரவியது. பிறகு சம்பளம் கொடுப்பவன் மொழி பரவியது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இது பாதிதான். கப்பல் போய்விட்டது, மொழி நிற்கிறதே, அது எதனால்? மீதிப் பாதிக்கு நான் புத்தகம் படிக்கவில்லை. பள்ளியில் ஆசிரியர் அறையின் கதவைத் திறந்து திறந்து கற்றுக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் அந்த அறைக்குள் போனபோது பத்துப் பேர் வெல்ஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் நுழைந்ததும் பத்துப் பேரும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஹ்யூ ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் கொடுத்தார். அவர்கள் ஊரில் அதற்கு 'பனாட்' என்று பெயர். நான் கற்றுக்கொண்ட ஒரே வெல்ஷ் சொல் அது. எவ்வளவு நாகரிகமான மனிதர்கள் என்று அக்காவுக்கு எழுதினேன். நாகரிகம்தான். அந்த நாகரிகம் என்னை நாற்பது வருஷம் வாசலிலேயே உட்கார வைத்துப் பரிமாறியது.

மொழி மாறுவதில் பல வகை உண்டு. தி.நகரில் புடவைக் கடைப் பையன்கள் தெலுங்குக்கும் இந்திக்கும் நொடியில் தாவுவார்கள். அது வியாபாரம். விற்கிறவன் வாங்குகிறவன் மொழிக்கு வருவான். அலுவலகத்தில் மேலதிகாரி வந்ததும் மாறுவது பயம். இந்த இரண்டையும் எதிர்க்கலாம், கேலி செய்யலாம், கொடி பிடிக்கலாம். மரியாதைக்காக மாறுவதை ஒன்றும் செய்ய முடியாது. அது அன்பு மாதிரியே இருக்கிறது. பெரிய மொழி எது என்று என்னைக் கேட்டால் சொல்வேன்: ஒருவர் உள்ளே வந்ததும் பத்துப் பேர் எந்த மொழிக்கு மாறுகிறார்களோ, அதுதான்.

4

இங்கே வந்து இரண்டாம் வாரம் தி.நகரில் ஒரு வங்கிக்குப் போனேன். என் கணக்கு உறங்கிவிட்டதாம், எழுப்ப வேண்டுமாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெளிநாட்டு முகவரி போட்ட என் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் மறுபடி தமிழில் கேட்டேன். அவள் மறுபடி ஆங்கிலத்தில், இன்னும் நிதானமாக, இன்னும் இனிமையாகச் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்றவரிடம் திரும்பியதும் அவள் பேசிய தமிழ் அவ்வளவு அழகாக இருந்தது. என் ஊரிலும் நான் விருந்தாளி ஆகிவிட்டேன்.

இந்த ஊரில் என்னை விருந்தாளி ஆக்காத ஒரே ஆள், பட்டினப்பாக்கத்திலிருந்து எங்கள் சந்துக்கு மீன் கொண்டுவருகிற பெண்மணி. முதல் நாளே, "இன்னா பாய், எங்க போய்க்கீற இத்தினி நாளு? ஆபா சொல்லிக்கினே இருந்துச்சு" என்றார். ஆபா என்றால் அக்கா, சந்து முழுக்க என் அக்காவுக்கு அதுதான் பெயர். மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் வடநாட்டுப் பெண்ணிடமும் அதே தமிழ். ஒரு சொல் மாற்றுவதில்லை. விற்கிறவர் அவர், ஆனால் மாறுவது வாங்குகிறவள். சங்கரா மீன் இருக்கிறதா என்பதை அந்தப் பெண் இப்போது "சங்கரா கீதா?" என்றே மாடியிலிருந்து கேட்கிறாள். கடைக்காரர்களைப் பற்றி நான் மேலே எழுதிய விதிக்கு இது பொருந்தவில்லை. விதியை அழிக்காமல் விட்டிருக்கிறேன், வாசிப்பவர்கள் இரண்டையும் வைத்துப் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டுக்குள் வருகிறேன். நானும் அக்காவும் தக்கினியில் பேசிக்கொண்டிருப்போம். வேல்ஸில் எனக்கு அந்த மொழி பேச ஆளே கிடையாது. என் மகளுக்கு ஆங்கிலமும் மர்யம் ஊட்டிய கொஞ்சம் தமிழும்தான். தக்கினி அவளை எட்டவே இல்லை. அதனால் அக்காவிடம் பேசும்போது எனக்கு வாய் வலிக்கிற அளவுக்குப் பேச்சு வரும். மர்யம் அறையை விட்டு வருவாள். அக்கா உடனே, "வாம்மா, உக்காரு. வெயில் ஜாஸ்தி இல்ல?" என்பார். நானும் மாறிவிடுவேன். மர்யம் உட்கார்ந்து வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு, துணி காயப்போட வேண்டும் என்று எழுந்துவிடுவாள். அவள் போனதும் அக்கா விட்ட இடத்தில் தொடருவார்.

மர்யம் நுழையும்போது வீடு மாறுவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக நடப்பதுதான். ஆனால் ஹ்யூவின் சமையலறையில் என் பேத்தி மாறியதைப் பார்த்த பிறகுதான் இதைப் பார்க்கும் கண் எனக்கு வந்தது.

ஒரு காலை மர்யம் சாந்தோம் பக்கம் நடக்கப் போயிருந்தாள். அக்காவிடம் கேட்டேன், அவள் வந்தாலும் நம் பேச்சிலேயே பேசேன் என்று. அக்கா முன்பே முயற்சி செய்து பார்த்ததாகச் சொன்னார். ஆனால் அவளைப் பார்த்ததும் வாய் தானாகத் திரும்பிவிடுகிறதாம். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், தக்கினியில், சாதாரணமாக:

"நீதானே சொன்னே. கல்யாணம் ஆன வாரம் அம்மாவைக் கூப்பிட்டு உக்கார வச்சு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தேன்.

வேல்ஸுக்குப் போவதற்கு முன், இங்கே சென்னையில், நானும் மர்யமும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவள் தாவரவியல். கீழக்கரைக் குடும்பம், தமிழைத் தவிர வேறு வீட்டுமொழி இல்லாதவர்கள். அந்தக் காலத்தில் எங்கள் இரு தரப்புக்குள் கல்யாணம் அவ்வளவு சுலபமில்லை, ஆனாலும் நடந்தது. வந்த முதல் வாரமே அவள் அம்மாவிடம் தக்கினி கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஒரே குஷி. தண்ணீருக்கு என்ன, உப்புக்கு என்ன என்று இரண்டு பேரும் சமையலறையில் பாடம் நடத்தினார்கள். நான் அதை நிறுத்தினேன். அம்மாவைத் தனியாக அழைத்து, மர்யம் முன்னால் நம் பேச்சு வேண்டாம், அவள் படித்த பெண், தமிழிலேயே பேசுங்கள், அதுதான் மரியாதை என்றேன். அம்மா வைத்த சட்டத்தை எடுத்து அம்மாவிடமே நீட்டினேன். அவரால் மறுக்க முடியவில்லை. மருமகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மகன் சொன்னானே என்று விட்டுவிட்டார்.

மரியாதை என்று சொன்னது பொய். எனக்கு வெட்கம். கல்யாணத்துக்கு முன்பு வடநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புப் படித்தேன். லக்னோ பக்கத்திலிருந்து வந்த அறைத் தோழன் ஒருவன், நான் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு வாரத்தில் விடுதி முழுக்க என்னைப் பார்த்து நக்கோ என்றது. மெஸ்ஸில் பரிமாறுகிறவர் வரைக்கும். இரண்டு வருஷம் நான் அங்கே அளந்து அளந்து பேசினேன். திரும்பி வந்தபோது என் அம்மாவின் பேச்சு எனக்கு உடைந்த உருதுவாகக் கேட்டது. நான் காதலித்த பெண் அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது, கற்கவும் கூடாது என்று நினைத்தேன். சின்ன மொழியை அழிப்பதற்குப் பெரிய மொழிக்காரன் நேரில் வர வேண்டியதில்லை. அவன் ஒரு முறை சிரித்தால் போதும், மீதி வேலையை நாம் வீட்டில் செய்துவிடுவோம்.

அதன் பிறகு அம்மா தன் சமையலறையிலேயே கடைத்தெருத் தமிழில் வாழ்ந்தார். சாப்டியாம்மா, வெயில் ஜாஸ்தி, முட்டி வலிக்குது. மர்யம் அருகில் இல்லாதபோதுதான் அவர் அவராக இருந்தார். ஆனால் புதிதாக வந்த மருமகள் எந்நேரமும் அருகில்தான் இருப்பாள். சந்து முழுவதையும் கலக்கிய ஒரு பெண் மெல்ல மெல்லப் பேச்சு குறைந்த மாமியாராக ஆனார். நாங்கள் வேல்ஸுக்குப் போன பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் குறைந்திருப்பார். வயதாகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இதை ஒன்று விடாமல் அன்று அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. மர்யம் கிட்ட சொல்லு என்றார். சொன்னேன், அன்று சாயங்காலமே. லக்னோக்காரனின் சிரிப்பு உட்பட. மர்யம் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கீழக்கரைக்காரிக்கு எதுக்கு நம்ம பாஷைன்னு உங்க அம்மாதான் நிறுத்திட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "பாவம் மாமி" என்றாள். அவ்வளவுதான். என்னிடம் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருப்பாளா, போவாளா என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை.

5

அடுத்த வெள்ளிக்கிழமை. நெய்ச்சோறும், பருப்பில் ஆட்டுக்கறி போட்ட தால்சாவும் என்று அக்கா முடிவு செய்திருந்தார். அவருக்கு இப்போது நிற்க முடியாது. சமையலறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட, மர்யம் அடுப்பில் நின்றாள். நான் கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டு குனிந்திருந்த நேரம் பார்த்து மர்யம் ஒரு கிண்ணம் தேங்காய்ப் பாலைத் தால்சாவில் ஊற்றிவிட்டாள். கீழக்கரையில் தேங்காய் இல்லாமல் எதுவும் இறங்காது. எங்கள் வீட்டிலோ தால்சாவில் தேங்காய் என்றால் அது வேறு ஏதோ குழம்பு.

அக்கா நிமிர்ந்தார். அவர் போட்ட சத்தம் கூடம் வரை வந்தது.

"அரே, க்யா கரீ தூ? தால்சே மே நாரியல் கைக்கு டாலீ?"

என்ன பண்ணினாய் நீ, தால்சாவில் எதற்குத் தேங்காயை ஊற்றினாய் என்கிறார். தம்பி மனைவி முன்னால், தம்பி மனைவியைப் பார்த்து, தக்கினியில். வாய் திரும்ப மறந்துவிட்டது. கோபம் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. தொடர்ந்து இன்னும் கொட்டினார், ஆட்டுக்கறி வீணானது, அம்மா இருந்திருந்தால் கரண்டியைப் பிடுங்கியிருப்பார், இப்படி. நான் பத்திரிகையை வைத்துவிட்டு சமையலறை வாசல் வரை போனேன். தமிழில் ஏதாவது சொல்லிச் சமாதானம் செய்யலாம் என்றுதான்.

மர்யம் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினாள். திரும்பாமலே சொன்னாள்.

"நக்கோ தோ நக்கோ காவ், ஆபா."

வேண்டாம் என்றால் சாப்பிடாதீர்கள். கீழக்கரை இழுப்போடு, ஆனால் ஒரு சொல் பிசகாமல். எந்தச் சொல்லுக்காக நான் ஒரு வீட்டையே வாயடைக்க வைத்தேனோ அந்தச் சொல், இரண்டு தடவை.

அக்காவின் கையிலிருந்த பூண்டு அப்படியே நின்றது. கடைசியில் அவர் தமிழில்தான் கேட்டார், யார் சொல்லிக்கொடுத்தது என்று. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி மறுத்தேன்.

"யாரும் சொல்லித் தரல ஆபா," என்றாள் மர்யம். "பழைய வீட்டுல கிச்சன் வாசல்ல பச்சைத் திரை தொங்கும்ல. நான் உள்ள வந்தா நிறுத்திடுவீங்க. அதனால வெளியிலேயே கொஞ்ச நேரம் நிப்பேன்."

பிறகு அவள் ஒன்று செய்தாள். கரண்டி பிடித்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அம்மாவின் குரலில், அப்பாவைப் பற்றி அம்மா சொல்கிற ஒரு வரியைத் தக்கினியில் சொன்னாள். எவன் சைக்கிள் ட்யூபிலாவது காற்று இறங்கினால் இந்த மனுஷனுக்கு அடுத்த தெருவிலிருந்தே தெரிந்துவிடும், வீட்டில் அரிசி டின் இறங்கினால் மட்டும் தெரியாது. நான் அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் இருக்கும். பாதியில் அக்காவும் சேர்ந்துகொண்டார், கடைசிச் சொற்களை இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அக்கா சிரிக்க ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அம்மா இதைச் சொல்லிக் கேட்ட அன்றைக்கு மர்யம் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து உள்ளே போனாளாம். அம்மா உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றாராம்.

அம்மாவுக்கு அது தெரியாமலே போய்விட்டது. தான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்க இன்னொரு ஆள் இருந்தாள், ஒரு திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தத் திரையை மாட்டியவன் நான்.

தேங்காய்ப் பால் ஊற்றிய தால்சாவை அக்கா இரண்டு தடவை போட்டுக்கொண்டார், இரண்டு தடவையும் குறை சொல்லிக்கொண்டே. கை கழுவும்போது மர்யம் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்.

"ஆபா என்னத் திட்டுனாங்க, கேட்டீங்களா?"

மதிப்பெண் அட்டையைக் காட்டுகிற பிள்ளையின் முகம் அது.

6

வேல்ஸுக்குப் போன் செய்தபோது நூராவிடம் ஒன்று சொன்னேன். அடுத்த தடவை நானும் ஹ்யூவும் நீயும் ஒரே அறையில் இருந்தால், எனக்காக மாறக் கூடாது, எவ்வளவு நேரம் ஆனாலும் நான் உட்கார்ந்து கேட்பேன் என்று. உங்களுக்குப் போரடிக்குமே நானா என்றாள். அடிக்கட்டும் என்றேன். மொழிகள் எப்படிப் பிழைக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால் இப்போது என்னிடம் ஒரே ஒரு பதில் இருக்கிறது. அரசு ஆணை, பள்ளிக்கூடம், அகராதி எல்லாம் வேண்டியவைதான். அவற்றோடு, உள்ளே வருகிறவருக்காக நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகிற ஒரு வீடும் வேண்டும். வந்தவர் திணறட்டும். திணறுகிறவர்தான் தங்குவார்.

நேற்றுக் காலை கடற்கரையில் நடந்துவிட்டு வந்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து பேச்சு கேட்டது, தக்கினியில். மேற்கு அறையில் சாயங்காலம் சூடு இறங்காது, கிழக்கு அறைதான் கடல் காற்றுக்கு வாகு என்கிறார் அக்கா. அப்படியானால் கட்டிலை ஜன்னலுக்குக் கீழே போடக் கூடாது, இவருக்குக் காற்று நேராகப் பட்டால் இருமல் வரும் என்று மர்யம் தப்பும் தவறுமாகச் சொல்கிறாள். அக்கா திருத்துகிறார். மர்யம் மறுபடி தப்பாகச் சொல்கிறாள். அந்தப் பழைய அலமாரியை என்ன செய்வது என்று அடுத்த பேச்சு. மழைக்காலத்துக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும் என்கிறாள் மர்யம். நாங்கள் கிளம்ப வேண்டிய நாளோ மழைக்காலத்துக்கு ரொம்ப முன்னால் வருகிறது.

பிறகு குரல் தாழ்ந்தது. பேச்சு என்னைப் பற்றிப் போயிற்று. அக்கா ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

நான் உள்ளே போகவில்லை. போனால் நிறுத்திவிடுவார்கள். வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.